தட்டு வைக்க வேண்டிய வண்டி

மார்ச் 9, 2024, சனி

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பி.எஸ்.ஏ. பி31 என்ற பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள், 1955 மாடல், 350 சிசி, ஒற்றை சிலிண்டர். விற்றவருக்கு 81 வயது. இங்கிலாந்தில் வார்விக்ஷயர் பக்கம் ஒரு குக்கிராமம். "முட்டி போச்சு, இனி உதைக்க முடியாது" என்றார். வண்டியை வேனில் ஏற்றும்வரை வாசலில் நின்றவர், கயிறு கட்டி முடித்ததும் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது ஒரு தகர டப்பா நிறைய ஸ்பேனர்களும், கேக் சுடும் அலுமினியத் தட்டு ஒன்றும் கையில் இருந்தன.

தட்டு எதற்கு என்று கேட்டேன். வண்டிக்குக் கீழே வைக்கவாம். ஆயில் ஒழுகினால் கவலைப்படாதே, ஒழுகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்றார். இந்த ஊரில் பழைய பைக் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த ஜோக்கைச் சொல்வார்கள். நாமும் முதல் தடவை கேட்பதுபோல் சிரிக்க வேண்டும்.

"ஃப்ரீசருக்குப் பக்கத்துல மட்டும் நிறுத்தாதீங்க" என்றாள் மனைவி. ஃப்ரீசருக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது.

1955 மாடல்தான் வேண்டும் என்று தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டுகாரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது அந்த வருஷம்தான். திருவொற்றியூரில் செய்த ஒரு புல்லட்டின் டேங்க் மேல் உட்கார்ந்துதான் நான் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் போனேன். ரெட்டிச் தொழிற்சாலை 1967-லேயே மூடிவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

மார்ச் 10, ஞாயிறு

இருபது உதை. வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

அப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். "ஆம்ப் முள்ளப் பாருடா தம்பி, முள்ளு நடுவுக்கு வரட்டும்" என்றார். புல்லட் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் தீப்பொறிக்கான சுவிட்சாகிய பாயின்ட் திறந்து ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு பொட்டு தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஓங்கி ஒரே மிதி. நானும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

ஏன் என்று பதினைந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இதில் மேக்னெட்டோ. தீப்பொறிக்கு பேட்டரியே வேண்டாம், அது தானே கரண்டைச் செய்துகொள்ளும். முள்ளுக்கும் தீப்பொறிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைப் பாதம்தான் கண்டுபிடிக்க வேண்டும். "அப்ப கண்ண மூடிக்கிட்டு மிதி" என்றார் அப்பா.

ஏமல் கார்ப்பரேட்டரின் மேலிருக்கும் குமிழை விரலால் அமுக்கி, பெட்ரோல் விரலில் வழியும்வரை விட்டேன். தீப்பொறியின் நேரத்தை மாற்றும் இக்னிஷன் லீவரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். தள்ளாவிட்டால் கிக்கர் திருப்பி அடித்து கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். கண்ணையும் மூடினேன். இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது.

போனை என்ஜின் பக்கம் நீட்டினேன். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "டப்பெட் சத்தம் கேக்குதுடா, அட்ஜஸ்ட் பண்ணு."

மார்ச் 16, சனி

என்னிடமிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. எல்லாம் விட்வொர்த் அளவு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த கணக்கு, மரையின் கோணம் 55 டிகிரி. ஸ்பேனரில் 1/4 என்று போட்டிருந்தால் வாயின் அகலம் கால் அங்குலம் இல்லை. அது பிடிக்கும் போல்ட்டின் தண்டு கால் அங்குலம். வாய் அரை அங்குலத்துக்கும் சற்று மேலே. 13 நுழையாது, 14 வழுக்கும். போன வாரம் ஓசியில் வந்த தகர டப்பாவின் அருமை இன்றைக்குத்தான் தெரிந்தது.

வால்வைத் தள்ளும் அந்த டப்பெட் அட்ஜஸ்ட் ஆகிவிட்டது. அப்பாவுக்கு ஒலிப்பதிவு அனுப்பினேன். கட்டை விரல் மட்டும் பதிலாக வந்தது.

மார்ச் 23, சனி

சாலையில் இன்னும் பனிக்காலத்து உப்பு கிடக்கிறது. நல்ல மழை ஒன்று பெய்து கழுவும்வரை பழைய வண்டியை யாரும் வெளியே எடுக்கமாட்டார்கள். அதனால் காரை எடுத்துக்கொண்டு பர்மிங்காம், ஸ்மால் ஹீத் போனேன், வண்டி பிறந்த இடத்தைப் பார்க்க.

பி.எஸ்.ஏ. என்பதன் விரிவே பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் துப்பாக்கி செய்பவர்கள் கூடித் தொடங்கியது. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய படம்தான் முத்திரை. 1940 நவம்பர் 19 இரவு இங்கே குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் செத்தார்கள். போருக்காக மட்டும் எம்20 வண்டிகளை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது இதே கம்பெனி. தோற்ற ஜெர்மனியிடமிருந்து நஷ்ட ஈடாக வந்த டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் வரைபடத்தை இடம் வலமாக மாற்றி, 1948-ல் பேன்டம் என்று விற்றார்கள். தந்தி கொடுக்கும் பையன்கள் ஓட்டிய சிவப்பு வண்டி அதுதான். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி இது என்றால் இன்றைக்கு எந்தப் பிள்ளை நம்பும்?

ஆர்மரி ரோடு என்ற பெயர் இருக்கிறது, பக்கத்தில் கால்வாய் இருக்கிறது. ஒருவர் நாயோடு போனார். நான் எதைத் தேடுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நாய் மட்டும் என் ஷூவை முகர்ந்துவிட்டுப் போனது.

ஜப்பான்காரன் வந்து கெடுத்தான் என்று பழைய பைக் கிளப்பில் கிழவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 1969-ல் ஹோண்டா நாலு சிலிண்டர் 750-ஐ செல்ஃப் ஸ்டார்ட்டரோடு, முன்னால் டிஸ்க் பிரேக்கோடு கொண்டுவந்து நிறுத்தியபோது, இவர்கள் இருபது வருஷத்துக்கும் முந்தைய இரட்டை சிலிண்டர் என்ஜினையே ஊதிப் பெரிதாக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1973-ல் பி.எஸ்.ஏ. கதை முடிந்தது. அந்தப் பிடிவாதம்தான் கம்பெனியைக் கொன்றது. அதே பிடிவாதத்தால்தான் 1955 வண்டியின் பாகம் பல வருஷங்களுக்கு மாறவில்லை, இன்றைக்கு எனக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. திட்டிக்கொண்டே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

முதல் சவாரி. கெனில்வொர்த் போய்த் திரும்பி 14 மைல்.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இங்கே இளைஞர்கள் பழைய பைக்கில் ஏறினால் முதலில் தடுமாறுவது இதில்தான். பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவின் புல்லட்டில் பழகிய கால் அல்லவா. இருபது வருஷம் கழித்தும் கால் மறக்கவில்லை. பிரேக் வேறு விஷயம். அது பிடிக்கும், ஆனால் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும்.

எதிரே வந்த பைக்காரர்கள் எல்லோரும் தலையை அசைத்தார்கள். கையை அசைக்கமாட்டார்கள். எதிர் வண்டி வருவது வலப்பக்கம், வலது கை ஆக்ஸிலேட்டரில். அதனால் தலை. பி.எம்.டபிள்யூ. ஓட்டுபவரும் அசைத்தார். நம் ஊரில் எதிரே வருபவன் தலையை அசைத்தால், ஸ்டாண்ட் எடுக்கவில்லை போலிருக்கிறது என்று குனிந்து பார்ப்போம்.

ஏப்ரல் 8, திங்கள்

உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் நின்றபடியே மீட்டிங்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நடுவழியில் நின்றது. ஃபாஸ் வே மேல், ரோமானியர்கள் போட்ட நேர்கோட்டுச் சாலையில். நாற்பது நிமிடம் அழகாக ஓடிய வண்டி இரண்டு இருமல் இருமியது, அடங்கிவிட்டது. பெட்ரோல் வருகிறது. பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் வைத்து உதைத்துப் பார்த்தால் பொறி இல்லை.

பத்து நிமிடத்துக்குள் மூன்று பைக்குகள் நின்று விசாரித்துவிட்டுப் போயின. நாலாவதாக வந்தவர் போகவில்லை. 1961 ட்ரையம்ப் பானவில். ஹெல்மெட்டைக் கழற்றினால் என் அப்பா வயதைத் தாண்டியவர். வண்டியைப் பார்க்கவே இல்லை. "சூடான பிறகுதானே நின்றது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினார்.

மேக்னெட்டோவுக்குள் இருக்கும் கன்டென்சர் என்ற சின்னப் பாகம் கிழமாகிவிட்டதாம். குளிரில் நன்றாக இருக்கும், சூடு ஏறினால் படுத்துவிடும். ஆறவிட்டால் எழுந்துகொள்ளும். அதனால் ஆறும்வரை பேசுவோம் என்றார்.

பேசினோம். 1959 நவம்பரில் எம்1 நெடுஞ்சாலையைத் திறந்தபோது அது ரக்பி பக்கத்திலிருந்து வாட்ஃபோர்டு வரை. வேகக் கட்டுப்பாடே கிடையாது, 70 மைல் என்று வந்ததே 1965 டிசம்பரில்தான். இவரும் கூட்டாளிகளும் சனி ராத்திரி அதில் ஏறி, லண்டன் நார்த் சர்குலர் சாலையில் பைக்காரர்கள் கூடும் ஏஸ் கஃபே வரை போய், முட்டையும் சிப்ஸும் தின்றுவிட்டுத் திரும்புவார்களாம். மணிக்கு நூறு மைல் தொட்டால் 'டன்'. தொட்டதாக எல்லோரும் சொல்வார்கள், ஸ்பீடாமீட்டர் முள் ஆடிய ஆட்டத்தில் அது நூறா எண்பதா என்று யாருக்குத் தெரியும் என்றார். ஜூக்பாக்ஸில் காசு போட்டுவிட்டுப் பாட்டு முடிவதற்குள் ஒரு சுற்றுப் போய் வருவார்களாமே என்று ஆவலாகக் கேட்டேன். "நான் பார்த்ததில்லை. காசு போட்டவன் உட்கார்ந்து பாட்டைத்தான் கேட்பான்."

பிறகு குரல் மாறியது. கூட்டாளிகளில் இருவர் ஒரே வருஷத்தில் செத்தார்கள். அப்போது ஹெல்மெட் கட்டாயம் இல்லை, 1973-ல்தான் சட்டம் வந்தது.

அரை மணி நேரத்தில் பொறி திரும்பி வந்தது. வீடுவரை என் பின்னாலேயே வந்தார்.

மே 4, சனி

மேக்னெட்டோவைக் கழற்றி, காயில் சுற்றுகிறவருக்கு அனுப்பினேன். தோட்டத்துக் கொட்டகையில் தனியாளாக வேலை செய்கிறார். வரிசையில் எனக்கு முன் பதினொரு பேர். இதற்கு முன் வேறொரு கடையில் கேஸ்கெட் செட் வாங்கினேன். வேறு மாடலுக்கானதை அனுப்பிவிட்டு, நான்தான் தப்பாகக் கேட்டேன் என்று சாதித்தார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்.

நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு இங்கே சாலை வரி கிடையாது, வருடாந்தரச் சோதனையும் இல்லை. அரசாங்கம் விட்ட பணத்தை மேக்னெட்டோ வாங்கிக்கொள்கிறது.

ஜூன் 2, ஞாயிறு

மேக்னெட்டோ இன்னும் வரவில்லை. ட்ரையம்ப் தாத்தா மெரிடன் கூட்டிப்போனார். கவென்ட்ரியின் பழைய தொழிற்சாலை 1940 குண்டுவீச்சில் தரைமட்டமான பிறகு ட்ரையம்ப் குடியேறிய இடம். பத்து வருஷம் அங்கே கியர்பாக்ஸ் கோத்தவர் அவர். 1973-ல் மூடப்போகிறோம் என்று நிர்வாகம் சொன்னதும் தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே ராத்திரி காவல், எரியும் டிரம், மழை. கடைசியில் 1975-ல் கூட்டுறவாக அவர்களே எடுத்து நடத்தி, 1983 வரை தாக்குப்பிடித்தார்கள்.

இப்போது வீடுகள். தெருப் பெயர் மட்டும் பானவில் குளோஸ். "இங்கேதான் என் பெஞ்ச்" என்று ஒரு வீட்டுத் தோட்டத்தைக் காட்டினார். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்மணி எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

ஜூன் 16, ஞாயிறு

மேக்னெட்டோ வியாழன் வந்தது, நேற்று மாட்டினேன், டைமிங் வைத்தேன். இன்று ஃபாஸ் வேயில் 60 மைல். வேண்டுமென்றே கொதிக்கக் கொதிக்க நிறுத்தி, உடனே உதைத்தேன். முதல் மிதி.

திரும்பும் வழியில் தாத்தா வீட்டில் டீ. அப்பாவையும் வீடியோவில் கூப்பிட்டேன். ஒருவருக்கு ஆங்கிலம் வராது, மற்றவருக்குத் தமிழ் வராது. இருவரும் மாறி மாறி "டப்பெட்" என்றார்கள், தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

வண்டியை எடுக்கப் போகும்போதுதான் பார்த்தேன். தாத்தா வீட்டு வாசல் சிமென்ட் தரையில், பானவிலுக்குக் கீழே வழக்கமான தட்டு. அதன் பக்கத்தில் எனக்காக ஒரு பழைய பிஸ்கட் டின் மூடி.