ராக் போச்சுன்னாங்க, கசிஞ்சது ஹோஸ்

அப்பாவோட வண்டி 2009 மாடல் டீசல். பவர் ஸ்டீயரிங் பழைய ஹைட்ராலிக் டைப், இப்ப வர்ற வண்டிங்க மாதிரி எலக்ட்ரிக் மோட்டார் வச்சது இல்ல. இன்ஜின் பெல்ட்ல ஓடுற ஒரு பம்ப், மேல ஒரு ஆயில் டப்பா, ரெண்டு மூணு ஹோஸ், கீழ முன் வீலுங்களத் திருப்புற பல்லு வச்ச தண்டு (அதத்தான் ராக்னு சொல்வாங்க), மொத்த செட்டப்பே அவ்வளவுதான். போன மாசம் தாம்பரம் வீட்டுக்குப் போயிருந்தப்ப அப்பா ரிவர்ஸ் எடுக்குறதப் பாத்தேன், ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கப் புடிச்சு இழுக்குறார், தோள்பட்டை ஏறி ஏறி இறங்குது, திருப்ப திருப்ப பம்ப் வேற ஙீ...ன்னு முனகுது. 68 வயசு ஆச்சு அவருக்கு. எப்பருந்துப்பா இப்படின்னு கேட்டா, ரெண்டு மாசமா இருக்குடா, வாரத்துக்கு ஒரு தடவ ஆயில் ஊத்திக்கிறேன்னு சாதாரணமா சொல்றார். எனக்கு மனசே கேக்கல.

ரெண்டு பட்டறைல காட்டியிருக்கார். ரெண்டு பேருமே குனிஞ்சு கீழ பாத்துட்டு, ராக் மேல ஆயில் ஈரமா இருக்கு, ராக் சீல் போச்சு, முழு ராக்கும் மாத்தணும், முப்பதாயிரம் கிட்ட ஆகும்னு சொல்லிட்டாங்க. அந்தக் காசுக்குப் பயந்துதான் அவர் ஆயில் ஊத்தியே ஓட்டிட்டு இருந்திருக்கார். ஆயில் சுத்தமா தீந்தாலும் ஸ்டீயரிங் திரும்பும், வீலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல இரும்பு கனெக்‌ஷன் இருக்கு, ஆனா கல்லு மாதிரி கனமாயிடும், ஆயில் இல்லாம சுத்துற பம்பும் உள்ள தேஞ்சு போயிடும். கசியுற ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீ புடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு. அதனால ஊத்தி ஊத்தி ஓட்டுறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

மொதல்ல ராத்திரி வண்டிக்கடியில ஒரு பெரிய அட்டைய விரிச்சு வச்சேன். காலைல பாத்தா அட்டையில ரெண்டு ரூபா காசு சைஸுக்கு சிவப்பா ஒரு வட்டம். இந்த வண்டிக்கு ஊத்துறது சிவப்பு கலர் ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற ஆயில்), அதனால சந்தேகமே இல்ல. இன்ஜின் ஆயிலா இருந்தா கருப்பா இருக்கும், கூலன்ட்னா தண்ணி மாதிரி இருக்கும், ஒரு இனிப்பு வாசனையும் வரும். சில வண்டிக்கு சிவப்பு இல்லாத வேற ஸ்டீயரிங் ஆயில் வரும், டப்பா மூடியிலயோ மேனுவல்லயோ என்ன போட்டிருக்கோ அதத்தான் ஊத்தணும். பிரேக் ஆயில மட்டும் இதுல ஊத்திடாதீங்க, இருக்குற ரப்பர் சீல் எல்லாம் உப்பி ஊறி கெட்டுப் போயிடும், அப்புறம் நெஜமாவே ராக் போயிடும்.

இப்ப முக்கியமான விஷயம். ஆயில் சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற. மேல பம்ப் கிட்ட கசிஞ்சாலும் அது ஹோஸ் மேலயே வழிஞ்சு வந்து கீழ ராக் மேலதான் நிக்கும், ஓடுறப்ப காத்து வேற அத நாலா பக்கமும் இழுத்து அப்பிடும். அதனால ஈரத்தப் பாத்து முடிவு பண்ணவே கூடாது, துடைச்சிட்டுப் பாக்கணும். எண்ணெய்ப் பிசுக்க எடுக்குற டீகிரீசர் அடிச்சு பிரஷ் போட்டு பம்ப், ஹோஸ், ராக் எல்லாத்தையும் சுத்தமா கழுவி நல்லா காய விட்டேன். அப்புறம் மூஞ்சிக்குப் போடுற டால்கம் பவுடர எடுத்து ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் தூவி விட்டேன். மச்சான உள்ள உக்கார வச்சு ஸ்டார்ட் பண்ணி, இந்தக் கடைசி லேருந்து அந்தக் கடைசி வரைக்கும் மெதுவா திருப்புங்க, கடைசில அஞ்சு செகண்டுக்கு மேல புடிச்சு வைக்காதீங்கன்னு சொல்லிட்டு டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருந்தேன். கைய மட்டும் உள்ள விடவே இல்ல. பம்ப்லேருந்து ராக்குக்கு ஆயில் போற பிரஷர் ஹோஸ்ல ஃபுல்லா திருப்புறப்ப 70, 80 பார் வரைக்கும் ஏறும், ஊசி ஓட்டைல வர்ற ஆயில்கூட தோலைக் கிழிச்சு உள்ள போயிடும், விரல வச்சுத் தடவிப் பாக்குற வேலையெல்லாம் வேணவே வேணாம்.

மூணாவது தடவ திருப்புனப்ப தெரிஞ்சுது. பம்ப்லேருந்து கிளம்புற பிரஷர் ஹோஸ்ல, ரப்பரும் இரும்புக் குழாயும் சேர்ற இடத்துல வளையம் மாதிரி நசுக்கி வச்சிருப்பாங்கல்ல, அந்த வளையத்துக்கு அடியில வெள்ளப் பவுடர்ல மெல்லிசா ஒரு ரோஸ் கோடு. பாத்துட்டு இருக்கும்போதே கோடு தடிச்சு, ஒரு முத்து மாதிரி திரண்டு, ஹோஸ் மேலயே உருண்டு நேரா ராக் மேல விழுந்துச்சு. சும்மா நிக்கிறப்ப ஒண்ணும் இல்ல, திருப்புனாதான் வருது. இருந்தாலும் ராக்கையும் விடல, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ராக்கோட ரெண்டு முனையையும் மூடியிருக்குற ரப்பர் உறையோட (பூட்னு சொல்வாங்க) கிளிப்பையும் லூஸ் பண்ணி உள்ள பாத்தேன். சீல் போயிருந்தா அந்த உறைக்குள்ள ஆயில் தேங்கி நிக்கும். ரெண்டுலயுமே கிரீஸ் மட்டும்தான், சொட்டு ஆயில் இல்ல. அந்த நிமிஷம் அப்பா மூஞ்சியப் பாக்கணுமே, அத்தன நிம்மதி.

ஹோஸ் கழட்டுறது கொஞ்சம் பொறுமையான வேலை. ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஹோஸப் புடுங்கி பழைய ஆயில ஒரு பாட்டில்ல புடிச்சிக்கிட்டேன். ராக் பக்கத்து நட்ட சாதா ஸ்பேனர் போட்டு திருகுனா முனை மழுங்கிடும், நட்ட சுத்தி கவ்விப் புடிக்கிற ஃப்ளேர் ஸ்பேனர்தான் போடணும். புது ஹோஸ் புதுப்பேட்டைல ரெண்டு கடைல கேட்டேன், கிடைக்கல. அப்புறம் ஜேசிபி வண்டிங்களுக்கு ஹோஸ் போட்டுக் குடுக்குற ஹைட்ராலிக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன், பழைய ரெண்டு முனையையும் வச்சுக்கிட்டு நடுவுல கம்பி வலை வச்ச புது ஹோஸ் போட்டு மெஷின்ல அழுத்திக் குடுத்தாங்க, 1,200 ரூபா. பெட்ரோல் ஹோஸ் போட்டு சாதா கிளிப் மாட்டிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ரிட்டர்ன் லைன்லயே ஆயிலுக்குத் தாங்குற ஹோஸ்தான் வேணும், பிரஷர் லைன்ல அது பிச்சுக்கிட்டுப் போயிடும். பம்ப் பக்கத்து போல்ட்டுக்கு ரெண்டு செம்பு வாஷரும் புதுசு போட்டேன், பழசு ஒருதடவ நசுங்குனது, திரும்ப சரியா உக்காராது.

மாட்டுனதும் உடனே ஸ்டார்ட் பண்ணல. முன்னாடி ரெண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்ட் குடுத்து, ஆயில் ஊத்தி, இன்ஜின் ஆஃப்லயே மச்சான் இருபது தடவ மெதுவா ரெண்டு பக்கமும் திருப்புனார், உள்ள மாட்டியிருந்த காத்து டப்பால குமிழி குமிழியா வந்துட்டே இருந்துச்சு, கொறைய கொறைய ஊத்துனேன். குமிழி நின்ன அப்புறம் ஸ்டார்ட். அப்பவும் ஆயில் கொஞ்சம் நுரை கட்டி பால் கலந்த மாதிரி ஆச்சு, ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் விட்டதுல தெளிஞ்சிடுச்சு. முனகல் சுத்தமா நின்னுபோச்சு. ஆயில் மொத்தமா ஒரு லிட்டருக்குள்ளதான் செலவாச்சு. ஆயில் தெளிச்சு ஊறிப்போன பெல்ட்டையும் சேத்து மாத்திட்டேன், இல்லன்னா வழுக்கி கீச்சு கீச்சுன்னு கத்தும்.

மூணு வாரம் ஆச்சு. அட்டை இன்னும் வண்டிக்கடியிலயே இருக்கு, அப்பா தெனம் காலைல பல்லு தேச்ச கையோட போய்ப் பாத்துட்டு "காஞ்சுதான்டா இருக்கு"ன்னு ஃபோன் பண்றார்.