97 என்று ஏன் சொன்னேன்

"சார், இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள காலேஜ் ஃபீஸ் முதல் தவணை கட்டணும். கட்டவா, இல்ல இன்னொரு தடவை எழுதவா?"

அவள் கேட்டது இவ்வளவுதான். 2023 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை, மணி மூன்றே கால். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தேன். "உன்கிட்ட 97 இருக்கும்மா. அந்த சீட்டை விட்டுடு, எழுது" என்றேன். "சரி சார்" என்றாள். அப்புறம் ஒரு நொடி எதுவும் பேசவில்லை. "அப்பாவும் சார் என்ன சொல்றாரோ அதையே செய்யின்னுதான் சொன்னார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஐ.ஐ.எம். மாதிரிக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதுகிற கேட் தேர்வுக்கு குவான்ட்டும் (கணக்கு) டி.ஐ.எல்.ஆரும் (தகவல் அட்டவணை, தர்க்கப் புதிர்) சொல்லிக்கொடுக்கிற வேலையில் இந்த மாதிரிக் கேள்வி வருடத்துக்கு இருபது முப்பது வரும். மற்றவர்களிடம் என்ன சொன்னேன் என்று பாதி நினைவில்லை. இது மட்டும் போகவில்லை.

97 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதுதான் தொந்தரவு. 2022 சீசனில் அவள் இருபதுக்கு மேல் மாக், அதாவது மாதிரித் தேர்வு, எழுதியிருந்தாள். பெர்சன்டைல், அதாவது நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினாள் என்ற கணக்கு, பெரும்பாலும் 89-க்கும் 94-க்கும் நடுவில். ஒரே ஒரு மாக்கில் 97 வந்தது. அந்த மாக்கில் டி.ஐ.எல்.ஆரின் முதல் செட்டே (ஒரே தகவலை வைத்து வரும் சில கேள்விகள்) அவளுக்குப் பழக்கமான வகை, ஒரு போட்டி அட்டவணை, எடுத்த எடுப்பில் முடித்துவிட்டாள். நான்தான் அதை அவளோடு உட்கார்ந்து அலசினேன். ஆக, இருபது மதிப்பெண்களில் உச்சத்தில் இருந்த ஒன்றை எடுத்து, அதுதான் அவளுடைய அளவு என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், மாக்கில் உச்சத்தைப் பார்க்காதீர்கள், கடைசி ஐந்தின் நடுவைப் பாருங்கள் என்று.

ஆனால் அப்போது எனக்குப் பொய் சொல்கிற உணர்வே இல்லை. அவள் உண்மையான தேர்வில் ஏன் 94-ல் நின்றாள் என்பது எனக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்திருந்தது. 2022 நவம்பர் 27-ம் தேதி தேர்வில் குவான்ட் 96, வார்க் (ஆங்கிலப் பகுதி) 93, டி.ஐ.எல்.ஆர். 78. நாற்பது நிமிடம், நான்கு செட், 20 கேள்விகள். இரண்டு செட்டை முழுசாக முடித்தாலே அந்தப் பகுதியில் நல்ல இடம் கிடைத்துவிடும். எழுதியவர்களுக்குத் தெரியும், அங்கே உண்மையான தேர்வு முதல் ஐந்து நிமிடத்தில் நடக்கிறது, நான்கையும் படித்துப் பார்த்து எதைத் தொடுவது, எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்வதில். அவளால் அது முடியவில்லை. முதலில் கண்ணில் பட்டதில் இறங்கிவிடுவாள், இறங்கினால் வெளியே வர மாட்டாள்.

அவளுடைய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாள். பழுப்பு அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு, பக்கத்துக்கு நான்கு கட்டம்: கேள்வி, எடுத்த நேரம், ஏன் தப்பு, அடுத்த முறை என்ன. மூன்றாவது கட்டத்தில் 'அவசரம்', 'கவனக்குறைவு' என்று எழுதக் கூடாது, அது காரணம் இல்லை என்று சொல்லியிருந்தேன். அவள் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் எழுதியிருக்கிறாள், நான் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். அப்புறம் மாறுகிறது. 'மூன்றாவது நிபந்தனையைப் படிக்காமல் அட்டவணை போட்டேன்.' 'பதில் வராது என்று எட்டாவது நிமிடமே தெரியும்.' தேர்வு முடிந்த மறுநாள் எழுதிய பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'செட் 1, 19 நிமிடம். விட்டிருக்க வேண்டும்.'

இதைப் படித்த எந்த ஆசிரியரும் இந்தப் பெண் இன்னொரு முறை எழுதினால் ஏறுவாள் என்றுதான் நினைப்பார். தன் தவறை இவ்வளவு சரியாகப் பெயர் சொல்லத் தெரிந்தவள். அதனால் 'எழுது' என்று சொன்னதில் எனக்கு இப்போதும் பெரிய வருத்தம் இல்லை, அந்த எண்தான். எண்ணைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அடுத்த கேள்வி கேட்டிருப்பாள். ஏன் சார், எப்படி சார், வராவிட்டால் என்ன சார். 97 என்றதும் பேச்சு முடிந்துவிட்டது.

அவள் கையில் இருந்த அந்தக் கல்லூரி சீட்டைப் பற்றி எனக்குச் சில விஷயங்கள் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஃபீஸ் கிட்டத்தட்ட 14 லட்சம். எங்களிடம் படித்து அங்கே சேர்ந்தவர்களில் மூன்று பேர், சேருவதற்கு முன் வாங்கிய சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக வாங்கி வெளியே வந்தார்கள். கல்விக் கடன் தவணை போக அந்தக் கொஞ்சமும் இல்லை. சொல்ல வேண்டிய காரணம் அதுதான். அதைச் சொல்லியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பாள், அப்பாவிடம் பேசியிருப்பாள், ஒருவேளை என்னை மறுத்திருப்பாள். அதை நான் சொல்லவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பத்து நிமிடம் இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டது என் பேச்சால் இல்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன், அல்லது இருக்கப் பார்க்கிறேன். ஜூலையில் வந்து, "பேப்பர் போட்டுட்டேன் சார், முழு மூச்சா உட்காரணும்" என்றாள். வேலையை விடுங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வேலையோடு படிக்கிறவர்கள் காலையில் இரண்டு மணி நேரத்தைப் பிடித்துவைத்துப் படிக்கிறார்கள், விட்டவர்களுக்கு நாள் முழுக்க இருக்கும், பயமும் நாள் முழுக்க இருக்கும். இதெல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் கடிதம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற பெண்ணிடம் என்ன சொல்ல? "சரிம்மா, நல்லது" என்றேன். அந்த 'நல்லது' தேவையா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சொல்லாவிட்டால் அவள் பயந்திருப்பாள். பயந்து, நோட்டீஸ் காலம் முடிவதற்குள் கடிதத்தைத் திரும்ப வாங்கியும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் சென்டரில் ரிப்பீட்டர்களுக்குப் பாதி ஃபீஸ். ஏப்ரல், மே மாதங்களில் திங்கட்கிழமை மீட்டிங்கில், பழைய பேட்சில் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். அந்தச் சனிக்கிழமை டீ குடிக்கும்போது அந்தப் பட்டியல் என் மனதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு ராத்திரியே பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தேன், அது நினைவிருக்கிறது. மனதில் இல்லாத ஒன்று ராத்திரி எட்டு மணிக்குக் கைக்கு எப்படி வந்தது?

இரண்டாவது முறை எழுதுவது என்பது முதல் முறையின் தொடர்ச்சி இல்லை. பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது ரொம்பக் கஷ்டம், அந்த வருடம் நானே ஏமாந்தேன். ஜூன் மாதம் அவள் பழைய மாக்குகளைத் திரும்ப எடுத்து எழுத ஆரம்பித்தாள். 95, 96, 98 என்று ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொன்னேன். ஆகஸ்டில் புது மாக் வந்ததும் 92. செட்டெல்லாம் அவளுக்கு மறக்கவே இல்லை. மனப்பாடம் செய்யவில்லை, ஆனால் மனசுக்குத் தெரிந்துவிடுகிறது, இந்தச் செட் ஆகும், இந்தச் செட் ஆகாது என்று. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அவளுக்குப் பிரச்சினையே. பழைய மாக்கில் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத் தடுக்க வேண்டியவன் நான்.

ஆகஸ்டுக்கு அப்புறம் முறையை மாற்றினோம். செட்டைப் போட வேண்டாம், படித்துவிட்டு எடுப்பாயா விடுவாயா என்று மட்டும் சொல், ஏன் என்று ஒரு வரி எழுது. ஒரு நாளைக்கு எட்டு செட். செப்டம்பர், அக்டோபர் முழுக்க இதே வேலை. நோட்டில் அந்தப் பக்கங்கள் அழகாக இருக்கும். 'விடு. ஆறு பேர், நாலு நிபந்தனை, ஒன்றும் நேரடியாக இல்லை.' 'எடு. முதல் நிபந்தனையிலேயே ஒருத்தர் இடம் உறுதி.' என் பதினோரு வருட வேலையில் நான் பெருமைப்படுகிற சில விஷயங்களில் அது ஒன்று. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது முழுக்கத் தப்பாகப் போன கதை மாதிரி ஆகிவிடும்.

2023 நவம்பர் 26, மத்தியானம் 12:30 ஸ்லாட். வார்க் வழக்கம்போல் போனது. டி.ஐ.எல்.ஆரில் நாலு நிமிடம் படித்து, முதல் செட்டை விட்டுவிட்டு, இரண்டு செட் முழுசாக முடித்தாள். நாங்கள் என்ன செய்தோமோ அது நடந்தது. அந்த நிம்மதியோடு கடைசிப் பகுதியான குவான்ட்டுக்குள் போயிருக்கிறாள், அவளுடைய பலமான பகுதி. அந்த வருடம் குவான்ட் கடினம் என்று எழுதிய பலரும் சொன்னார்கள். முதல் ஆறு கேள்வியில் ஒன்றுகூட நகரவில்லை என்றாள். குவான்ட்டில் விடுவதற்கு அவளை நான் பழக்கவே இல்லை, அங்கே தேவைப்படாது என்று நினைத்திருந்தேன்.

டிசம்பரில் ரிசல்ட். டி.ஐ.எல்.ஆர். 93. குவான்ட் 89. மொத்தம் 95.

"95 சார். ஒண்ணு கூடியிருக்கு" என்றாள். அழவில்லை. "நீங்க சொன்னது சரிதான் சார், டி.ஐ.எல்.ஆர். வந்துடுச்சு பாருங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். 2022-ல் எழுதியவர்கள் சுமார் 2.22 லட்சம். 94 என்றால் அவளுக்கு மேலே சுமார் 13,300 பேர். 2023-ல் எழுதியவர்கள் சுமார் 2.88 லட்சம். 95 என்றால் மேலே சுமார் 14,400 பேர். பெர்சன்டைல் ஒன்று ஏறியது, முன்னால் நிற்கிற கூட்டம் ஆயிரம் பேர் கூடிவிட்டது. இதை அவளிடம் சொல்லவில்லை, எதற்கு? கணக்கு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு, எத்தனை பேர் எழுதுவார்கள் என்பது நம் கையில் இல்லை என்று ஏப்ரலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்பார்த்த இடங்களில் இருந்து இன்டர்வியூ கால் வரவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் பல ஐ.ஐ.எம்.களில் எடை உண்டு. அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு சுமார்தான், அது எத்தனை முறை கேட் எழுதினாலும் மாறாது. அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம். அந்த ஏப்ரலில் நான் அவளிடம் அதைக் கேட்கக்கூட இல்லை. கடைசியில் அதே கல்லூரியில் இருந்து மறுபடியும் கால் வந்தது, ஃபீஸ் ஒரு லட்சத்துக்கு மேல் ஏறியிருந்தது, சேர்ந்துவிட்டாள். ஒரு வருடச் சம்பளம் போனது தனி.

அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். போன தீபாவளிக்கு ஊருக்குப் போகிற வழியில் சென்டருக்கு வந்தாள். "அந்த வருஷம் இல்லன்னா நான் அங்க தாக்குப் பிடிச்சிருக்க மாட்டேன் சார். எதை விடணும்னு அங்கதான் கத்துக்கிட்டேன்" என்றாள். உண்மையாகவும் இருக்கலாம், என் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். அவள் போன பிறகு நோட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டாவது வருடத்துக்கு என்று அவள் பிரித்து எழுத ஆரம்பித்த முதல் பக்கத்தில், மேலே வலது ஓரத்தில், பென்சிலால் '97 - சார்' என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். அதற்கு முன் எத்தனையோ தடவை அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன், அது என் கண்ணில் பட்டதில்லை.

அதற்கப்புறம் நான் எண் சொல்வதில்லை. இந்த வருடம் ஏப்ரலில் ஒரு பையன் இதே கேள்வியோடு வந்தான். ஒரு தாளை எடுத்து, கட்டினால் என்ன, எழுதினால் என்ன, செலவு, சம்பளம், பழைய மதிப்பெண், மாக்கின் நடு மதிப்பு என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் புரியுது சார். நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றான். முடிவு உன்னுடையது என்றேன். அவன் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் இருந்த இன்னொரு ஆசிரியரிடம் போனான். இரண்டு நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். அவனுக்கு நான் நல்லது செய்தேனா, என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் அவளுடைய அப்பா ஃபோன் செய்தார். "தம்பியும் எழுதணும்னு நிக்கிறான் சார். உங்ககிட்டயே விடறோம். நீங்க சொன்னா கேப்பான்" என்றார். வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லியிருந்தால் காரணம் கேட்டிருப்பார். பேட்ச் நேரத்தைச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் முதல் மாக் எழுதினான். 84. டி.ஐ.எல்.ஆரில் முதல் செட்டிலேயே பதினேழு நிமிடம். எல்லாரும் போன பிறகு என் மேஜைக்கு வந்து நின்றான், அக்கா மாதிரியே தலையைக் கொஞ்சம் சாய்த்து.

"எனக்கு எவ்வளவு வரும் சார்?"

அடுத்த மாக் முடியட்டும் என்றேன். அது வருகிற ஞாயிற்றுக்கிழமை.