காலையில் புளிக்கும் ரணகள்ளி

ஏற்காட்டில் சித்தி வீட்டுக் கல்கட்டு ஓரத்திலிருந்து ஒரு ரணகள்ளி இலையைப் பறித்து வந்து சேலத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் சும்மா போட்டு வைத்தேன், இலை விளிம்பெல்லாம் குட்டி முளைத்து இப்போது நாலு தொட்டி ஆகிவிட்டது. அதைப் பார்த்த அம்மாயி, "விடிகாலைல கடிச்சுப் பாரு கண்ணு, புளிக்கும், மத்தியானம் சப்புன்னு கெடக்கும்" என்றார்.

சரி என்று காலை ஆறு மணிக்கு நகத்தளவு கிள்ளி மென்று துப்பினேன். (விழுங்கிவிடாதீர்கள், நிறைய மேய்ந்தால் மாட்டுக்கே ஆகாத செடி இது.) புளிச்சக்கீரைத் தண்டைக் கடித்த மாதிரி பல் கூசியது. மதியம் ரெண்டு மணிக்கு, மாடித் தரையில் கால் வைக்க முடியாத வெயிலில், அதே இலையில் இன்னொரு துண்டு. புளிப்பே இல்லை.

தேடிப் பார்த்தால், பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் இந்தியாவில் தன் தோட்டத்தில் இதே இலையை இதே மாதிரி மென்று பார்த்து 1813-லேயே லண்டனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்!

அந்தப் புளிப்பு இருக்கும் இடம்தான் வாக்குவோல், தமிழ்ப் பாடப்புத்தகத்தில் நுண்குமிழ் என்று படித்தோமே, அது. தாவர செல் படம் வரையும்போது உட்கருவுக்கு ஊதா அடித்துவிட்டு நடுவில் இருக்கும் அந்தப் பெரிய பையை வெள்ளையாகவே விட்டுவிடுவேன், காலி இடம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். லத்தீனில் அந்தப் பெயருக்கே வெறுமை என்றுதான் பொருள். ஆனால் முதிர்ந்த தாவர செல்லில் 90 சதவீதம் வரைக்கும் அதுதான் அடைத்துக்கொண்டு இருக்கிறது.

பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும் என்பதால் ரணகள்ளி ராத்திரியில்தான் திறக்கிறது. அப்போது உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்க வெளிச்சம் வேண்டும், அது விடியும்வரை கிடையாது. அதனால் மாலிக் அமிலமாக மாற்றிப் பைக்குள் சேர்த்து வைக்கிறது. பையைச் சுற்றியிருக்கும் டோனோபிளாஸ்ட் சவ்வில் உள்ள பம்புகள் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ள, அமிலமும் கூடவே போய்ச் சேருகிறது. இரவெல்லாம் பைக்குள் புளிப்பு ஏறிக்கொண்டே போனாலும், வெளியே நொதிகள் வேலை செய்யும் சைட்டோபிளாசம் கிட்டத்தட்ட நடுநிலையில், பிஎச் 7-ஐ ஒட்டியே இருக்கிறது. அத்தனை அமிலமும் அங்கே கொட்டினால் செல் பிழைக்காது. எனக்குப் பிரமிப்பாக இருப்பது இதுதான், இத்தனை மெல்லிய சவ்வு ஒரு ராத்திரி முழுக்க அதைத் தாங்கி நிற்கிறது.

விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்ளும், அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொடுக்க, கதவைச் சாத்திக்கொண்டே இலை சர்க்கரை செய்கிறது.

அப்புறம் போன வாரம் ஒருநாள் விடிந்ததிலிருந்து ஒரே மேகமூட்டம், மலையே தெரியவில்லை. ஒரு யோசனையில் மதியம் ரெண்டு மணிக்கு மாடிக்குப் போய்க் கிள்ளி வாயில் வைத்தேன். இலை இன்னும் புளித்துக்கொண்டிருந்தது.