அடிலெய்டு பழைய வீட்டில் சீலிங் இன்சுலேஷன்: சறுக்கிய இடங்கள்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எங்கள் வீடு: 1970களில் கட்டிய செங்கல் வீடு, ஓட்டுக்கூரை. சீலிங் மேல் கிடந்த பழைய பஞ்சு ஓர் அங்குலம்கூட இல்லை, அதுவும் திட்டுத்திட்டாக. 2019 ஜனவரி 24 அன்று 46.6 டிகிரியைத் தொட்ட ஊர் இது. கோடையில் ஓட்டுக்கு அடியில் 60 டிகிரியைத் தாண்டும். ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் சூட்டைக் கக்கும். சுவர், ஜன்னல் எல்லாம் அப்புறம், முதலில் சீலிங்குக்கு ஆர் 4.0 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு, கூடினால் நல்லது) கண்ணாடி இழை பேட்ஸ், அதாவது வெட்டிய பஞ்சுத் துண்டுகள், என்று முடிவு செய்தோம். முடிவு சரிதான், அளந்ததில்தான் கோட்டை விட்டோம்.

மேன்ஹோல் (சீலிங் மேல் ஏறும் திறப்பு) பக்கத்தில் மட்டும் டேப்பைப் பிடித்தோம். ஜாய்ஸ்ட் (சீலிங்கைத் தாங்கும் சட்டம்) மையத்துக்கு மையம் 600 மி.மீ. வந்தது. 110 சதுர மீட்டருக்கும் 580 மி.மீ. அகல பேட்ஸ் வந்து இறங்கிவிட்டது. பின்னால் சேர்த்துக் கட்டிய 40 சதுர மீட்டர்தான் 600. பழைய 70 சதுர மீட்டரும் 450. அதற்கு 430 அகலம் வேண்டும். அகலமானதைத் திணித்தால் நடுவில் புடைத்து ஓரம் தூக்கும், அமுங்கிய இடத்தில் ஆர் மதிப்பும் குறையும். பிரித்த மூட்டையைக் கடையில் திரும்ப வாங்கவில்லை. அமுக்கி அடைத்த பஞ்சு, பிரித்ததும் உப்பிவிடும், மறுபடி பைக்குள் போகாது. மூன்று மூட்டை நஷ்டம். ஒவ்வொரு அறைக்கு மேலும் தனித்தனியாக அளந்துவிட்டே ஆர்டர் கொடுங்கள். 1160 × 430 துண்டு ஒன்று ஏறக்குறைய அரை சதுர மீட்டர். பத்துத் துண்டு மூட்டை என்றால் 70 சதுர மீட்டருக்கு 14, கையிருப்பாக ஒன்று. மூட்டையைப் பிரிக்காமலே மேலே ஏற்றுங்கள்; பிரித்தால் மேன்ஹோலில் நுழையாது.

அடுத்த அடி டவுன்லைட்டில், அதாவது சீலிங்குக்குள் பதித்த விளக்கில். வீட்டில் 22 பழைய ஹாலஜன். விலை சொல்ல வந்தவர் "மேலேயே போட்டுடலாம்" என்றார். தயவுசெய்து கேட்காதீர்கள், தீப்பிடிக்கும். அந்த வகை விளக்கைச் சுற்றி 200 மி.மீ. காலியாக விட வேண்டும். விளக்கையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் சதுரம், அதாவது 0.25 சதுர மீட்டர். 22க்கு 5.5, மொத்தப் பரப்பில் 5 சதவீதம். வெறும் சீலிங்கை ஆர் 0.4 என்று வைத்துக் கணக்குப் போட்டால், இந்த ஓட்டைகளாலேயே முழுச் சீலிங்கும் ஆர் 4.0 இலிருந்து ஏறக்குறைய 2.8க்கு இறங்கிவிடும். ஐ.சி.-4 குறியுள்ள எல்.இ.டி. பொருத்திவிட்டால் மேலேயே மூடலாம். ஆனால் லைசென்ஸ் எலெக்ட்ரீஷியனை பேட்ஸ் போடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். பாதி விரித்த பிறகு கூப்பிட்டதால், விரித்ததை எல்லாம் தூக்கி மறுபடி போட ஒரு நாள் முழுக்கப் போனது.

அவர் வந்ததில் இன்னொரு நன்மை: சீலிங் மேல் படுத்துக்கிடந்த வயர்களை ஜாய்ஸ்ட்டுக்கு மேலே தூக்கிக் கட்டினார். பஞ்சுக்குள் புதைந்த வயருக்குச் சூடு வெளியேற வழியில்லை. பேட்ஸ் வயருக்கு அடியில் போக வேண்டும்.

மேலே ஏறும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். 2009–10இல் வீடுகளுக்கு இன்சுலேஷன் போட்ட ஆஸ்திரேலிய அரசுத் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் பாய்ந்து, ஒருவர் சூடு தாங்காமல். விடிகாலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். பி2 மாஸ்க் (நுண்தூசியைத் தடுப்பது), முழுக்கைச் சட்டை, கால் எப்போதும் ஜாய்ஸ்ட் மேலேயே. இறவாணப் பக்கத்திலிருந்து மேன்ஹோலை நோக்கி வாருங்கள். சுவர் உச்சியில் கிடக்கும் தலைச்சட்டம் வரை பேட்ஸ் மூட வேண்டும், ஆனால் கூரை ஓடுகளைத் தொடக்கூடாது. தொட்டால் மழை ஈரத்தை உறிஞ்சும். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் கூரைக்குள்ளேயே ஊதினால் குழாய் வைத்து வெளியே விடுங்கள்.

முடித்த பிறகு ஒரு 38 டிகிரி நாள். மாலை 4 மணிக்கு, தொடாமலே சூட்டை அளக்கும் ஐ.ஆர். தெர்மாமீட்டரில் படுக்கையறைச் சீலிங் 28. மனசு குளிர்ந்தது. நடையில் மேன்ஹோல் மூடி மட்டும் 41, அதன் மேல் எதுவுமே போடவில்லை. மீந்து கிடந்த 580 பேட்ஸில் ஒரு துண்டை அளவாக வெட்டி மூடியின் முதுகில் ஒட்டினோம்.