பெரிய லோடுக்கு முன்னாடி ஓடுற வண்டி

பைலட் கார், அதாவது பெரிய லோடு ஏத்தின ட்ரக்குக்குத் துணையா ஓடுற வண்டி, அந்த வேலையில இறங்கிட்டேன். அமெரிக்க நெடுஞ்சாலையில லோடு எட்டரை அடி அகலத்தைத் தாண்டினாலே பெர்மிட் வேணும். இன்னும் அகலம், உயரம் கூடினா முன்னாடியோ பின்னாடியோ எங்க வண்டி ஓடணும். எத்தனை வண்டிங்கிறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன், யூட்டா மாதிரி சில இடங்கள்ல சான்றிதழ் இல்லாம ஓட்டவே முடியாது.

கூரையில மஞ்சள் விளக்கு, 'ஓவர்சைஸ் லோட்' பலகை, உள்ள ட்ரக் ட்ரைவரோட பேச சிபி ரேடியோ (கிட்ட இருக்கிற வண்டிகளுக்குள்ள பேசுற ரேடியோ). உயரமான லோடுன்னா முன் பம்பர்ல ஃபைபர் கம்பம். லோடைவிடச் சில அங்குலம் கூட வெச்சுத்தான் நிறுத்தணும். பாலத்துக்கு அடியில அது 'டிக்'குன்னு தட்டுச்சுன்னா உடனே ரேடியோவுல சொல்லணும். பின்னாடி வர்ற ட்ரக் சட்டுன்னு நிக்காது, அதனால போதுமான இடைவெளி விட்டு ஓடுறதுதான் பாதி வேலை. (தட்டின கம்பம் வளைஞ்சு நிமிர்றதைப் பார்க்கிறது தனி சுகம், அது வேற விஷயம்.)

பேச்சு சுருக்கமா இருக்கணும். "வலது ஓரம் ஆள் நடக்குறாங்க", "எதிர்ல அகலமான வண்டி". ட்ரைவர் "காப்பி"ன்னு, அதாவது கேட்டுச்சுன்னு, சொன்னப்புறம்தான் அடுத்தது.

பெர்மிட்ல எழுதின வழிதான் வழி, ஜிபிஎஸ் பேச்சைக் கேட்கவே கூடாது. பொழுது சாஞ்சா பெரும்பாலும் ஓட்டம் கிடையாது. புதுசா வர்றவங்க, காத்திருக்கிற நேரத்துக்குக் கூலி உண்டான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.