1444இல் திருகோணமலை எந்த நாடு?

நாடுகளின் பேர் சொல்லும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. 31 வருஷம் தபாற் கந்தோரில் கடிதம் பிரித்தவன். முத்திரையில் 'ஹெல்வெட்டியா' என்றிருந்தால் சுவிட்சர்லாந்து, 'சுவோமி' என்றால் பின்லாந்து, 'மகியார் போஸ்டா' என்றால் ஹங்கேரி. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன கார்த்திகையில் என் தங்கச்சியின் மகன் ஒரு கொப்பித் தாளை வைத்து இந்தத் தலைக்கனத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டான்.

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் மூன்று நாளாக அடைமழை. கரண்ட் இல்லை. மடிக்கணினியில் ராச்சியம் பிடித்து விளையாடுகிற பெடியன், சார்ஜ் இறங்கியதும் என்னிடம் வந்தான்.

"மாமா, 1444இல இருந்த நாடுகளின்ர பேர எழுதுங்க பாப்பம். அரை மணித்தியாலம். பேர் சரியெண்டா ஒரு மாக்ஸ். இடம் சரி, பேர் பிழையெண்டா அரை."

ஏன் 1444 என்று கேட்டேன். அந்த வருஷம் நவம்பர் 10ஆம் தேதி கருங்கடல் கரையில் வார்ணா என்ற இடத்தில் ஒரு சண்டை. போலந்துக்கும் ஹங்கேரிக்கும் ராசாவாக இருந்த விளாடிஸ்லாவுக்கு அப்போது 20 வயது. ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராதின் படையோடு மோதி அங்கேயே செத்துப்போனான். ஒன்பது வருஷம் கழித்து, 1453இல், கொன்ஸ்தாந்திநோபிளும் ஒட்டோமான்கள் கைக்குப் போனது. அவனுடைய விளையாட்டு தொடங்குவது அந்த வார்ணாச் சண்டைக்கு மறுநாளாம்.

58 பேர் எழுதினேன். தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது அவன் சிவப்புப் பேனையைத் திறந்துவிட்டான்.

இத்தாலி, வெட்டு. ஜேர்மனி, வெட்டு. ரஷ்யா, வெட்டு. ஸ்பெயினை வெட்டியபோது எனக்குக் கோபமே வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. அன்றைக்கு அங்கே இருந்தவை காஸ்டில், அரகன், நவார், கிரனாடா. காஸ்டில் இளவரசியும் அரகன் இளவரசனும் கலியாணம் முடித்ததே 1469இல். கிரனாடா 1492 வரை முஸ்லிம் அரசாகவே இருந்தது. நாலு பேரையும் எழுதியிருந்தால் நாலு மாக்ஸ். இத்தாலியைப் பிரித்து வெனிஸ், மிலான், புளோரன்ஸ், நாப்போலி என்று எழுதியிருந்தால் அதிலும் நாலு. டென்மார்க், சுவீடன், நோர்வே மூன்றுக்கும் அப்போது ஒரே ராசா, எனவே ஒரு மாக்ஸ்தான் என்றான். ராசா ஒருவன் என்பதால் மூன்று நாடு ஒரு நாடாகிவிடுமா என்று சண்டை பிடித்து ஒன்றரை வாங்கினேன்.

கிழக்குப் பக்கம் அவ்வளவு மோசமில்லை. சீனா, ஜப்பான் முழுசாய் வந்தன. தாய்லாந்து என்று எழுதியதற்கு அரை, அன்றைக்கு அது அயுத்தியா. கொரியாவுக்கு முழு மாக்ஸ் போட்டான். செஜோங் ராசா தன் சனங்களுக்கென்று கொரிய எழுத்தை ஆக்கி முடித்தது 1443இல் என்றான். என் 'பாரசீகம்' தைமூரின் மகன் ஷா ருக்கின் அரசு, அதனால் அரை. அதற்கு மேற்கே 'கறுப்பு ஆடு' என்ற பேரில் ஒரு கூட்டமும் 'வெள்ளை ஆடு' என்ற பேரில் ஒரு கூட்டமும் அரசாண்டன என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் உண்மை.

ஆபிரிக்காவில்தான் என் முத்திரைப் படிப்பு காலை வாரியது. சின்ன வயதிலிருந்து சேர்த்த அல்பத்தை நினைத்துக்கொண்டு கானா, மாலி, பெனின், கொங்கோ என்று மளமளவென்று எழுதியிருந்தேன். கானாவுக்குப் பூச்சியம். பழைய கானா ராச்சியம் இன்றைய கானாவுக்கு வடமேற்கே வெகுதூரத்தில் இருந்தது, 1444க்கு முன்பே மறைந்தும் போனது. 1957இல் சுதந்திரம் கிடைத்தபோது அந்தப் பழைய பேரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மாலி சரி. 1324இல் மன்சா மூசா மக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் தங்கத்தை அள்ளிக் கொடுத்ததில் அங்கே தங்கத்தின் விலையே விழுந்ததாம். 1444இல் அந்தச் செழிப்பு குறைந்திருந்தாலும் அரசு இருந்தது. பெனினுக்கு முழு மாக்ஸ் கிடைத்தாலும் அது குருட்டு அதிர்ஷ்டம். பெனின் ராச்சியத்தின் தலைநகரம் இன்றைக்கு நைஜீரியாவில் இருக்கிறது. நான் நினைத்து எழுதியதோ 1975 வரை டஹோமி என்று முத்திரை அடித்த நாட்டை. கொங்கோ ராசாக்கள் இருந்த ஊரும் இப்போது அங்கோலாவுக்குள். நான் வாயைத் திறக்கவில்லை, மாக்ஸை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவுக்கு அஸ்டெக், இன்கா என்று இரண்டே இரண்டு. இரண்டும் சரி.

அப்புறம் நம் பக்கம் வந்தான். 'இந்தியா' வெட்டுப்படும் என்று அதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. விஜயநகரம், பாமினி, டெல்லி, குஜராத், வங்காளம், ஜான்பூர், கஜபதிகளின் ஒரிசா என்று அவன் விரல்விட்டு எண்ணினான். நான் எழுதியதில் விஜயநகரமும் டெல்லியும் மட்டும் இருந்தன. அவற்றுக்குக் கீழே, பெரிய எழுத்தில், 'சோழநாடு'.

"சோழர் முடிஞ்சது 1279இல மாமா. நீங்க எழுதினது 165 வருஷம் பிந்தி."

தபால் இவ்வளவு பிந்தினால் சும்மா விடுவார்களா? அடுத்து இருந்த 'பாண்டியநாடு' என்பதையும் அதே வேகத்தில் வெட்டினான். அதில் எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் அப்போது சொல்ல ஆதாரம் இல்லை.

கடைசியில் 'இலங்கை'. அதையும் வெட்டிவிட்டு, கொழும்புப் பக்கத்துக் கோட்டை அரசு, யாழ்ப்பாண அரசு என்று இரண்டாக எழுதினான். கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகு, நல்லூரில் கனகசூரிய சிங்கையாரியன். சரி, ஒத்துக்கொண்டேன். "அப்ப திருகோணமலை எதுக்குள்ள?" என்று கேட்டேன். தன் விளையாட்டில் இந்தப் பக்கம் முழுக்க யாழ்ப்பாணத்தின் நிறம்தான் என்றான்.

இங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன். 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இபுன் பதூதா, யாழ்ப்பாண ராசா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தது புத்தளப் பக்கம். அவனுக்குப் பாரசீகம் விளங்கியது என்றும் முத்துக்களை எடுத்துக் காட்டினான் என்றும் எழுதி வைத்திருக்கிறார். நல்லூர் ராசாவின் கை அவ்வளவு தூரம் நீண்டிருந்தது உண்மை. ஆனால் அது சரியாக 100 வருஷத்துக்கு முந்திய கதை. 1444க்கு ஆறு வருஷம் கழித்துக் கோட்டை ராசாவின் வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள் வந்து நல்லூரையே பிடித்துவிட்டான். இதற்கு நடுவில் விஜயநகரத்துக்கு 1443இல் போன ஷா ருக்கின் தூதர் அப்துர் ரசாக், அந்த ராசாவின் ஆட்சி சரந்தீபின் எல்லையிலிருந்து குல்பர்கா வரை என்று எழுதுகிறார். சரந்தீபு நாங்கள்தான். அவர் இலங்கைப் பக்கமே வராதவர், சொன்னதைக் கேட்டு எழுதியிருப்பார்.

எங்கள் கோணேசர் கோயிலைப் பற்றிய கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலைக் கேட்டால், இந்த மூன்று ராசாக்களையும் அது பெரிதாக எடுத்துக்கொள்ளாது. குளக்கோட்டு மகாராசன் மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனைக் கொண்டுவந்து வன்னிபமாக வைத்தான், கோயில் தொழும்பு செய்கிற தானத்தார் இன்ன தொழில் செய்யவேண்டும், வரிப்பத்தார் இன்னது செய்யவேண்டும் என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகும். ஊருக்குத் தலைவன் வன்னிபம், எல்லாருக்கும் மேலே கோயில் சாமி கோணநாயகர். எந்த ராசாவுக்குத் திறை போனது என்பதை அந்தந்த வருஷத்தின் பலம்தான் தீர்மானித்திருக்கும்.

"அப்ப என்ன நிறம் அடிக்கிறது?" என்று கேட்டான் பெடியன். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. கோடு கீறி அடைத்து நிறம் அடிப்பது எங்கள் காலத்துப் பழக்கம் என்று ஏதோ சொன்னேன். "கதைய மாத்தாதீங்க மாமா" என்றான்.

மொத்தம் 27½. அதே அரை மணியில் அவன் எழுதியது 96.

மழை விட்டதும் கோணேசர் கோயிலுக்கு இருவரும் போனோம். போகிற வழியில் பிரட்ரிக் கோட்டை வாசலில் அவனை நிறுத்தி, கல்லில் இருக்கும் இரட்டைக் கயலைக் காட்டினேன். இதுதானே பாண்டியர் சின்னம்? பின்னால் ஒரு மான் வந்து அவன் பையில் இருந்த வாழைப்பழத்துக்கு மூக்கை நீட்டியது.

"அது 13ஆம் நூற்றாண்டு மாமா. செல்லாது."

இந்த முறை நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். மதுரையை விட்டாலும் பாண்டியர் முடியவில்லை, தென்காசிப் பக்கம் இருந்தார்கள், பராக்கிரம பாண்டியன் அங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1446இல் என்றேன். ஃபோனை எடுத்துக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான். வாழைப்பழத்தை மான் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"விஜயநகரத்துக்குக் கீழதான் இருந்திருக்கினம். அரை தாறன்."

28.