ஒட்டிய உறைக்குள் என் பெயர்

ஸ்பானிய மொழியில் இளங்கவிஞர் பரிசு என்றால் பெரும்பாலும் 35 வயதோடு வாசல் மூடிவிடும். நானோ 33 முடிந்த பிறகுதான் முதல் தொகுப்பை அனுப்பத் துணிந்தேன்.

பதினோரு வயதில் அப்பாவின் வேலைக்காக ஸ்பெயினின் வலென்சியா நகருக்கு வந்தவள் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் ஸ்பானியமும் அந்த வட்டாரத்து மொழியான வலென்சியனும். கோபம், கணக்கு, கனவு எல்லாம் தமிழில் வந்தாலும் கவிதை ஸ்பானியத்தில்தான் வந்தது. கல்லூரியில் ஸ்பானியக் கவிஞர் க்ளாவ்தியோ ரொத்ரீகெஸைப் படித்த நாளில் அது உறுதியாகிவிட்டது. 1943இல் தொடங்கிய அதோனாய்ஸ் என்ற இளங்கவிஞர் பரிசை அவர் 1953இல் வென்றபோது அவருக்கு வயது 19. தன் ஊரான சமோராவின் வயல்வெளிகளில் நடந்துகொண்டே பதினோரசை வரிகளை மனதில் கட்டியவர். ஸ்பானிய யாப்பில் ஒரு சொல் உயிரெழுத்தில் முடிந்து அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் இரண்டும் ஒரே அசையாகிவிடும். நம் புணர்ச்சியைக் காதால் பழகியவளுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

முதலில் அதோனாய்ஸுக்கு அனுப்பத் தைரியம் வரவில்லை. ஒரு சிறிய நகராட்சியின் பரிசைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்பெயினில் நகராட்சிகளும் மாகாண நிர்வாகங்களும் இப்படிக் கவிதைப் பரிசு நடத்துவது வழக்கம். கொஞ்சம் பணம் கிடைக்கும், புத்தகமும் அச்சாகும். பெயர் தெரியாத ஒருவரின் முதல் தொகுப்பு வெளியே வர இதுவே பெரிய வழி.

விதிமுறைகளை 'பாசெஸ்' என்பார்கள். அதில் என்னை முதலில் நிறுத்திய சொல் 'இனேதித்தோ', அதாவது இதுவரை எங்கும் வெளிவராதது. தொகுப்பின் ஒரு பகுதிகூட வெளிவந்திருக்கக் கூடாது என்று இருந்தது. என் ஆறு கவிதைகள் ஏற்கெனவே ஒரு சிற்றிதழில் வந்திருந்தன. அவற்றை எடுத்தேன். குறைந்தது 500 வரி கேட்டிருந்தார்கள். கையில் 430தான் மிஞ்சியது. எடுத்த ஆறும்தான் தொகுப்பின் முதுகெலும்பு என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்தக் கோடையில் வாராவாரம் பேருந்து பிடித்து அல்புஃபேரா ஏரிப்பக்கம் போய், நெல்வயல் வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். தண்ணீர் நின்ற வயலில் கொக்குகள் அசையாமல் நிற்கும். அங்கே எழுதிய எண்பது சொச்சம் வரிகள், நீக்கிய ஆறையும்விட நன்றாக இருந்தன. இப்போது யார் கேட்டாலும் சொல்வேன்: கையில் இருக்கும் நல்ல கவிதைகளை அவசரப்பட்டு இதழ்களுக்கோ வலைத்தளங்களுக்கோ கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது 'ப்ளிக்கா'. கையெழுத்துப் பிரதியில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. ஒரு புனைபெயர் மட்டும் போட வேண்டும். அதை 'லேமா' என்பார்கள். தனியாக ஒரு சிறு உறைக்குள் உண்மைப் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் வைத்து ஒட்டி, வெளியே தொகுப்பின் தலைப்பும் லேமாவும் எழுத வேண்டும். வென்றவரின் உறையை மட்டும் திறப்பார்கள். மற்றவை திறக்காமலே அழிக்கப்படும்.

இந்த நாட்டில் எல்லா விண்ணப்பங்களிலும் இரண்டு குடும்பப்பெயர் கேட்பார்கள், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. எனக்கு இருப்பதோ அப்பாவின் பெயர் ஒன்றுதான். இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டாவது கட்டம் காலியாகவே இருந்திருக்கிறது. என் பெயரை ஒருவர் படிக்கும்போது அவர் கண் ஒரு கணம் தடுமாறுவதைப் பார்த்துப் பழகியவள் நான். பிறகு எப்போதும் ஒரே கேள்விதான் வரும்: "ஸ்பானியம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" அந்தக் கேள்வி வராமல் என் வரிகளை ஒருவர் படிக்கப்போவது இதுதான் முதல்முறை. உறையை ஒட்டும்போது கை நடுங்கியது.

லேமாவுக்குக் 'கார்ஸா' என்று போட்டேன். ஸ்பானியத்தில் கொக்கு, நாரை இனத்துக்கு அந்தப் பெயர். "ஓடுமீன் ஓட, உறுமீன் வரும்வரை" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அது நடுவர் யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்குத் தெரிந்தால் போதும்.

நான் கிட்டத்தட்டத் தவறவிட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. பிரதியை மின்னஞ்சலிலும் கேட்டிருந்தார்கள். கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால், எழுதியவர் என்ற இடத்தில் என் முழுப்பெயர் உட்கார்ந்திருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். காகிதப் பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போனால் அனுப்புநர் பெயர் இல்லாமல் முடியாது என்றார்கள். என்னுடன் தங்கியிருந்த தோழி தன் பெயரைக் கொடுத்தாள்.

பாட்டியைப் பற்றிய கவிதையில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. அது என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று மூன்று நாள் யோசித்தேன். பெயரை மறைக்கலாம், ஊரை மறைத்தால் அந்தக் கவிதையில் பாட்டியே இல்லை. அப்படியே விட்டேன்.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது: 'தெசியெர்த்தோ'. பாலைவனம் என்பதற்கும் அதே சொல்தான். பரிசுக்குத் தகுதியாக எதுவும் இல்லை என்று நடுவர்கள் முடிவு செய்தால் யாருக்கும் தராமல் அப்படி அறிவிக்கலாம். தோற்றிருந்தால்கூட வென்ற புத்தகத்தை வாங்கிப் படித்திருப்பேன். இதில் படிக்கவும் ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் ஒரு வரியும் எழுதவில்லை.

அதுவரை வேறெங்கும் அனுப்ப முடியாது; ஒரு போட்டியில் முடிவு தெரியாமல் இருக்கும் தொகுப்பை இன்னொன்று ஏற்காது. இப்போது கட்டு அவிழ்ந்தது. வரிசையை மாற்றினேன், பாட்டி கவிதையை முதலில் வைத்தேன், வேறொரு பரிசுக்கு அனுப்பினேன். லேமாவை மாற்றவில்லை.

மே மாதம் நடுவர் குழுவின் அறிக்கை வந்தது. பரிசு வேறொருவருக்கு. அதன் கீழே இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து தொகுப்புகள், தலைப்பும் லேமாவும் மட்டும். நான்காவது வரியில் கார்ஸா. விதிப்படி அந்த ஐந்து உறைகளையும் திறக்கமாட்டார்கள். அது யார் என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது.

அறிக்கையை அச்சிட்டு அம்மாவிடம் காட்டினேன். "உன் பேர் எங்கடி?" என்று தேடினாள். விரல் வைத்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அர்த்தம் கேட்டு, பக்கத்தில் தமிழில் 'கொக்கு' என்று பேனாவால் எழுதி சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இந்த முறை அதோனாய்ஸ்.